அந்த டியூப் இன்றைக்கு எதற்கு?

"சிஸ்டர், பேசாம ஒரு டியூபப் போட்டு விட்டுருங்களேன்."

படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து கையைக் கழுவி முடிப்பதற்குள் மூத்திரம் போகக் குழாய் போடச் சொல்கிற இந்த வேண்டுகோள் பெரும்பாலும் வந்துவிடும். கேட்பவர் மனைவியாகவோ மருமகளாகவோ இருப்பார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, விரிப்பை உருவி, வேறு வேட்டி சுற்றிவிட்டு, விடிந்ததும் ஒரு மூட்டை ஈரத்துணியை அலசிப் போட்டுவிட்டு வந்து நிற்பவர். தூக்கமில்லாத அந்த முகத்தைப் பார்த்து "டியூப் வேண்டாம்" என்று சொல்வது லேசு. வேறு வழியைக் காட்டாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற செவிலியரால் அந்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் டியூபைச் சொருகிவிட்டுப் போகிறவராலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற செவிலியர் நான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, செவிலியர் வீட்டுக்கு வருவார் என்பது கிராமங்களிலும் ஓரளவு பழகிப்போய்விட்டது. பக்கவாதம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், புற்றுநோய், நினைவு தப்பிய முதியவர்கள் என்று பலரையும் பார்க்கிறோம். நோய் எதுவானாலும் கட்டிலோரத்தில் கடைசியில் பேச்சு வந்து நிற்பது ஒண்ணுக்குப் போவதில்தான். இதைக் கீழான வேலை என்று ஆயாம்மாவிடமும் வீட்டுப் பெண்ணிடமும் தள்ளிவிடுவது ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் வழக்கம். என் அனுபவத்தில், ஒரு மனிதர் கடைசி வருடங்களில் மரியாதையோடு இருந்தாரா இல்லையா என்பதை மருந்துச் சீட்டைவிட இந்த வேலைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

முதலில் டியூப். வீடுகளில் "யூரின் டியூப்" என்று சொல்லப்படுவது ஃபாலி கத்தீட்டர். அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபாலி 1930களில் கொண்டுவந்த வடிவம். நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். குழாய் மூத்திரப்பைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, வெளியே இருக்கும் இரண்டாவது வாய் வழியாக 10 மில்லி சுத்திகரித்த தண்ணீரை ஏற்றினால் பலூன் உப்பிக்கொள்ளும், குழாய் வெளியே வராது. தொண்ணூறு வருடமாக அடிப்படை மாறவே இல்லை. பாக்கெட்டின் மேல் 14, 16 என்று போட்டிருப்பது குழாயின் பருமன். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த அளவு அது. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 16 என்றால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலான பெரியவர்களுக்கு 14 அல்லது 16 போதும். பெரிய அளவு போட்டால் நல்லது என்று நினைப்பது தவறு. பெரிய குழாய் மூத்திரத்தாரையை அழுத்திப் புண்ணாக்கும்.

நல்ல கருவிதான். நீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாக, வியர்த்துத் துடிக்கிற ஒருவருக்கு அதைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அவர் முகத்தில் வருகிற நிம்மதியை வேறு எந்த மருந்தும் தந்து நான் பார்த்ததில்லை. ஆனால் டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் மூத்திரத்தில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே கிருமி இருக்கும். உடம்பு தானாக நீர் கழிக்கும்போது அந்த வேகமே தாரையைக் கழுவிவிடும். டியூப் இருந்தால் அந்தக் கழுவல் நின்றுபோகிறது. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல குழாயின் உள்ளும் புறமும் கிருமிகள் ஒரு வழவழப்பான படலம் கட்டுகின்றன. மாத்திரை அந்தப் படலத்துக்குள் சரியாகப் போய்ச் சேராது. குழாயையே மாற்றினால்தான் படலம் போகும்.

அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி: இந்த டியூப் இன்றைக்கு எதற்கு? நேற்று எதற்காகப் போட்டார்கள் என்பது வேறு விஷயம். நீர் அடைப்பு, பெரிய அறுவைச் சிகிச்சை, தீவிர சிகிச்சையில் மணிக்கணக்காக நீரளவு பார்க்க வேண்டிய நிலை, பிட்டத்தில் ஆழமான படுக்கைப்புண் இருந்து மூத்திரம் பட்டால் ஆறாது என்ற நிலை, கடைசி நாட்களில் புரட்டினாலே வலிக்கிறவருக்கு ஆறுதல். இவை எல்லாம் நியாயமான காரணங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதே காரணங்கள்தான் இருக்கின்றன. துணி மாற்ற ஆளில்லை என்பதற்காகப் போடக்கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனபோது அவருக்கு டியூப் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கி ஒரு ராத்திரி நீர் அடைத்து, அவசரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியில் போட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது "15 நாளைக்கு ஒருதரம் மாத்துங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எப்போது எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அவர் வாசலுக்கு வருவதையே விட்டிருந்தார். இந்த நிலையில் செய்ய வேண்டியது பரவலாகத் தெரிந்ததுதான். புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்குத் தானாகவே நீர் பிரிந்துவிடும். டாக்டரிடம் பேசி, மாத்திரை ஆரம்பித்து, ஒரு நாள் காலையிலேயே எடுத்தோம். காலையில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. பிரியாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ தேட வேண்டாம். போன நீரை அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை நன்றாகப் போய்விட்டார். எல்லாருக்கும் இப்படி நடக்காது, அவருக்கு நடந்தது. அடுத்த வாரம் அவர் பெட்டிக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைத் தெருவில் போகும்போது பார்த்தேன்.

எடுப்பதற்கு முன்னால் டியூபை மடக்கிக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துவிட்டு "பழக்குவது" நம் வார்டுகளில் இன்னும் நடக்கிறது. அதனால் தெளிவான பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கட்டியதை அவிழ்க்க மறந்தால் வலியும் ஆபத்தும்தான் மிச்சம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம்.

சரி, டியூப் தேவைதான் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு வீட்டில் எப்படி வாழ்வது? இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலில் பையை மாட்டக் கம்பி இருக்கும். நம் வீட்டு மரக்கட்டிலில் ஏது? கயிற்றுக் கட்டிலிலும் தரைப்பாயிலும் படுத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பையைத் தரையில் போடுகிறார்கள், தலைமாட்டு ஜன்னலில் தொங்கவிடுகிறார்கள், வயிற்றின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். பை எப்போதும் மூத்திரப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. உயரத்தில் மாட்டினால் கிருமியோடு கூடிய நீர் திரும்ப உள்ளே போகும். தரையில் கிடந்தால் அடியில் இருக்கிற திறப்பு வழியாக அழுக்கு ஏறும். கட்டில் சட்டத்தில் ஒரு எஸ் கொக்கி போதும். பாயில் படுப்பவருக்கு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பேசினுக்குள் பையை வைக்கச் சொல்வேன்.

அடுத்தது இழுவை. இரண்டு லிட்டர் பை நிரம்பினால் இரண்டு கிலோ கனம். அந்தக் கனம் முழுக்க உள்ளே இருக்கிற பலூனில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழாயைத் தொடையில், கொஞ்சம் தொய்வு விட்டு, பிளாஸ்திரியால் ஒட்ட வேண்டும். ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம். இந்த ஒரு சின்ன வேலையைச் செய்யாததால் ஆணுறுப்பின் நுனி கிழிந்து பிளந்துபோன முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்ச்சியில்லாத காலுள்ளவர்களுக்கு வலிகூடத் தெரியாது. ஒரு துண்டு பிளாஸ்திரியில் தடுத்திருக்கக்கூடிய காயம் அது. எழுதும்போதே எனக்கு மனசு கொதிக்கிறது.

பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்போதே காலி செய்யுங்கள். முன்னாலும் பின்னாலும் சோப்பால் கை கழுவுங்கள். பிடிக்கிற பாத்திரத்தில் பையின் வாய் இடிக்கக்கூடாது. குழாயையும் பையையும் இணைக்கிற இடத்தைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள், கிருமி நுழைகிற பெரிய வாசல் அதுதான். தினமும் குளிப்பாட்டும்போது குழாய் உடம்புக்குள் போகிற இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் போதும். டெட்டாலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால், மறக்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் தோல் இறுகி, நுனி வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை வரும். மகளோ மருமகளோ கழுவுகிற வீட்டில் இதைச் சொல்ல நானும் கூச்சப்பட்டால் யார்தான் சொல்வது?

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு லிட்டர். பை நிரம்பிவிடுமே என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் நிறைய. குறைத்தால் நீர் கெட்டியாகி, குழாய் சீக்கிரம் அடைக்கும்.

அடைப்பு ஒரு தனிக் கதை. சிலருக்கு டியூபைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் மணல்மணலாக ஒட்டியிருக்கும். புரோட்டியஸ் என்ற கிருமி மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. நீர் காரத்தன்மை அடைந்ததும் மக்னீசியம், கால்சியம் உப்புகள் படிகமாகிக் குழாயின் கண்ணை மூடிவிடுகின்றன. இப்படி அடிக்கடி அடைக்கிறவருக்கு எல்லாரையும்போல ஒரே கணக்கில் மாற்றினால் சரிவராது. எத்தனை நாளில் அடைக்கிறது என்று காலண்டரில் குறித்து, அதற்கு முந்தியே மாற்ற வேண்டும். சாதாரண லேட்டக்ஸ் ரப்பர் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றுகிறோம். முழு சிலிக்கான் குழாய் பன்னிரண்டு வாரம் வரை இருக்கலாம். விலை கூடுதல், ஆனால் உள்துவாரம் பெரிது. நெடுநாள் தேவைப்படுகிறவருக்கு அதுதான் கடைசியில் லாபம்.

டியூப் இருக்கும்போதே பக்கவாட்டில் ஒழுகினால் உடனே "பெரிய சைஸ் போடுங்க" என்பார்கள். வேண்டாம். முதலில் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள். அப்புறம் மலம் எத்தனை நாளாகப் போகவில்லை என்று கேளுங்கள். மலக்குடல் நிறைந்து முன்னால் அழுத்துவதுதான் பல வீடுகளில் காரணம். வயிறு இளகினால் ஒழுகலும் நின்றுவிடும். பையில் சில மணி நேரமாக நீர் இறங்காமல் அடிவயிறு உப்பினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ரத்தம் கட்டிகட்டியாக வந்தால் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. பையின் நிறம் ஊதாவாக மாறிவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து பதறிப்போய் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நிஜமாகவே கத்தரிப்பூ நிறம். பக்கத்து வீட்டில் செய்வினை என்று பேச்சே கிளம்பிவிட்டது. ஆச்சி மட்டும் சாதாரணமாகப் படுத்திருந்தார், காய்ச்சல் இல்லை. நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோஃபான் என்று ஒரு பொருள் இருக்கிறது. மலச்சிக்கலில் குடலுக்குள் வெகுநேரம் கிடந்தால் கிருமிகள் அதை வேறொன்றாக மாற்றும். அது கல்லீரல் வழியாக மூத்திரத்துக்கு வந்து, அங்கிருக்கும் கிருமிகளால் இண்டிகோ என்ற நீலமும் இண்டிருபின் என்ற சிவப்பும் ஆகிறது. இரண்டும் பிளாஸ்டிக்கில் ஊறினால் ஊதா. நெடுநாள் டியூபோடு மலச்சிக்கலும் இருக்கிற வயதான பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். நிறத்தால் கெடுதல் இல்லை. டியூபையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலைக் கவனித்ததும் நிறம் போய்விட்டது. ஆச்சியின் மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை விளக்கிய பிறகுதான் அந்தத் தெருவில் செய்வினைப் பேச்சு அடங்கியது.

ஆன்டிபயாட்டிக் பற்றிச் சுருக்கமாக. நெடுநாள் டியூப் இருப்பவரின் மூத்திரத்தைச் சோதித்தால் கிருமி இருப்பதாகத்தான் வரும். காய்ச்சல், நடுக்கம், புதிதாக வலி எதுவும் இல்லாதவருக்கு அந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில் பலன் இல்லை. கிருமிக்கு எதிர்ப்புச் சக்திதான் வளரும். பையிலிருந்து எடுத்த நீரைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள், அது மணிக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது.

முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்களுக்கு ஆயுசு முழுக்க டியூப்தான் என்று நம்பியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவர்கள், பைக் விபத்தில் சிக்கியவர்கள். இவர்களில் கை நன்றாக வேலை செய்கிற பலர், நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே ஒரு மெல்லிய குழாயை விட்டு நீரை வடித்துவிட்டு எடுத்துவிடலாம். மிச்ச நேரம் குழாயும் இல்லை, பையும் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கு முழுச் சுத்திகரிப்போடு இப்படி நேரத்துக்கு நேரம் வடித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடஸ் 1972இல், சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயுமே போதும் என்று எழுதினார். மூத்திரப்பை அளவுக்கு மீறி உப்பி ரத்த ஓட்டம் குறைவதுதான் கிருமியைவிடப் பெரிய எதிரி என்பது அவர் வாதம். அன்றைக்கு அது துணிச்சலான பேச்சு. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் இல்லாத நம் வீட்டுக் கொல்லைக் கக்கூஸிலும் ஒருவர் தன் நீரைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் தன் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கிய மறுவாழ்வுத் துறை 1960களிலிருந்தே இப்படிப்பட்டவர்களைப் பழக்கிவருகிறது. எங்கள் பக்கம் தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. தானே வடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட ஒருவர் மறுபடி பஸ் ஏறி வேலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பையோடு கூச்சப்பட்டு வீட்டிலேயே கிடந்தவர் அவர்.

இவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ அடி பட்டிருந்தால், டியூப் அடைத்து நீர் தேங்கும்போது உடம்பு தாறுமாறாகப் பதில் சொல்லும். திடீரென்று மண்டை பிளக்கிற வலி, முகமெல்லாம் வியர்வை, ரத்த அழுத்தம் எகிறும். தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கக்கூடாது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பில் இருக்கிற இறுக்கத்தைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் இறங்கினால் பெரும்பாலும் எல்லாம் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இனி, டியூப் இல்லாமல் நீர் தானாகப் போகிறவர்கள். "ஒண்ணுக்குப் போறதே தெரியல" என்று எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவருக்கோ புராஸ்டேட் வீங்கியவருக்கோ மூத்திரப்பை நிறைந்து வழிந்து சொட்டும். வெளியே பார்த்தால் ஒழுகல், உள்ளே அடைப்பு. அவருக்கு டயபர் கட்டிவிட்டு விட்டுவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். அதனால் ஒழுகுகிறது என்று சொன்னதுமே நான் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன்.

இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு மருத்துவமே தேவையில்லை. இன்னொரு வீட்டில் ஓர் ஆச்சிக்கு ஒண்ணுக்கு வருவது நன்றாகவே தெரியும். கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கிறது, இரண்டு படி இறங்க வேண்டும், வழியெல்லாம் ஈரம், லைட் இல்லை, முழங்காலை மடக்கிக் குந்த முடியாது. எழுந்து தடியை எடுத்து நாலு எட்டு வைப்பதற்குள் போய்விடுகிறது. "ஆச்சிக்குக் கட்டுப்பாடு போயிட்டு" என்கிறார்கள். ஆச்சிக்குப் போனது முழங்கால். ஓட்டை போட்ட நாற்காலிக்கு அடியில் ஒரு வாளி, அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் கமோட் சேர், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லைட், ஆண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் யூரின் கேன். வாங்கிப்போட்ட வாரத்திலேயே ஈரத்துணி மூட்டை பாதியாகக் குறைந்த வீடுகள் உண்டு.

மருந்து நேரத்தையும் பாருங்கள். கால் வீக்கத்துக்குக் கொடுக்கிற லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க ஓட வேண்டியிருக்கும். காலையில் போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நினைவு தப்பியவர்களை இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம், அவர்கள் கேட்காமலே, "வாங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று கூட்டிப்போனால் பகலில் பெரும்பாலும் துணி நனையாது. இவர்களுக்கு டியூப் போடுவதுதான் ஆகப் பெரிய கொடுமை. ஏதோ தொங்குகிறதே என்று பலூனோடு பிடித்து இழுத்துவிடுவார்கள், ரத்தம் கொட்டும். அப்புறம் கையைக் கட்டிப் போடுவார்கள். கட்டிய கையோடு ஒரு தாத்தா கிடந்ததை நான் பார்த்தேன், முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். படுக்கையிலேயே இருக்கும் ஆண்களுக்கு ராத்திரி மட்டும் ஆணுறை போன்ற காண்டம் கத்தீட்டரை மாட்டலாம். சரியான அளவு வேண்டும், சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்திரி போடக்கூடாது, தினம் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். தூங்காமல் கிடந்த மனைவிக்கு அது ஒரு முழு ராத்திரித் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

தோல். மூத்திரமும் மலமும் சேர்ந்து ஊறினால் பிட்டமும் தொடையிடுக்கும் சிவந்து, தோல் உரிந்து, தொட்டாலே அலறுகிற எரிச்சல் வரும். எல்லாரும் அதைப் படுக்கைப்புண் என்பார்கள். அழுத்தத்தால் வருவது எலும்பு முட்டுகிற இடத்தில் வரும், இது ஈரம் படிகிற இடமெல்லாம் பரவும். பவுடரைக் கொட்டினால் ஈரத்தில் கட்டி கட்டியாகி அதுவே உராயும். டெட்டால் எரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மல் வேட்டித் துணி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், அதன்மேல் மெல்லிசாக வாஸ்லினோ துத்தநாக ஆக்சைடு களிம்போ. பேம்பர்ஸ் போட்டால் நனைந்ததும் மாற்றுங்கள். விலையை நினைத்து நாளெல்லாம் ஒன்றையே வைத்திருப்பதைவிட, பகலில் அடியில் துணி விரித்துத் திறந்து வைப்பது தோலுக்கு எவ்வளவோ மேல்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிற வீட்டில், அவரைக் கவனிக்கிற அம்மா வாசல் வரை கூட வந்து, குரலைத் தணித்து, "எனக்கும் இருமினா, தும்மினா போயிருது சிஸ்டர்" என்பார். எத்தனை வருடமாக என்று கேட்டால் கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்பார். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, பஸ்ஸில் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை. இது வயதானால் வருகிற விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இடுப்படித் தசைப் பயிற்சியைப் பற்றி 1948இலேயே எழுதிவிட்டார். மூத்திரத்தையும் வாயுவையும் அடக்குவதுபோலத் தசையை உள்ளே இழுத்து, ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். மெல்ல மெல்லப் பத்து நொடி வரை கொண்டுபோகலாம். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் அதைத் தாங்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கிற வளையம் உண்டு, அறுவைச் சிகிச்சை உண்டு. எதுவும் செய்ய முடியாது என்பது மட்டும் பொய்.

கழுவிவிடுவது யார் என்பது ஒவ்வொரு வீட்டிலும் பேசாமலே தீர்மானமாகிவிடுகிறது, தீர்மானம் எப்போதும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. மாமனாருக்கு மருமகள் டியூப் கழுவுவது இருவருக்குமே வேதனை. மாமனார் கண்ணை மூடிக்கொள்வார், இந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மகன் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். நான் அவரைத்தான் கூப்பிடுவேன். "அண்ணாச்சி, இங்க வாங்க, கையக் கழுவிட்டு வாங்க, இத நீங்கதான் படிக்கணும்." முதலில் தயங்குவார்கள். ஒரு தடவை செய்து பழகிவிட்டால் பெரும்பாலான மகன்கள் நன்றாகவே செய்கிறார்கள். தாய்க்கு பேம்பர்ஸ் மாற்றுகிற மகனும் உண்டு எங்கள் பக்கத்தில். அவர் மாற்றும்போது அம்மாவின் இடுப்புக்கு மேல் ஒரு சேலையைப் போர்த்திவிட்டுத்தான் தொடங்குவார். "அம்மா, இப்பத் திருப்புதேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்புவார். அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வார்டில் இருக்கிற எங்களில் எத்தனை பேர் திரையை இழுத்துவிட்டு, தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்கிறோம்?

ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டியூபோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் நாலு வரி எழுதுங்கள். என்ன காரணத்துக்குப் போட்டது, எந்தத் தேதியில் போட்டது, என்ன சைஸ், பலூனில் எத்தனை மில்லி, அடுத்து மாற்ற வேண்டியதா எடுத்துப் பார்க்க வேண்டியதா, எந்தத் தேதியில், எங்கே போய். கீழே ராத்திரியில் அடைத்தால் கூப்பிட ஒரு போன் நம்பர். அனுப்புவதற்கு முன், வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர் கையாலேயே ஒரு தடவை பையைக் காலி செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்படி எழுதிய சீட்டு எனக்கு எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. பட்ட வீடுகளில் முதல் நாளே, டியூபை எப்போது எடுக்கலாம் என்ற பேச்சைத் தொடங்கிவிட முடிகிறது.